எர்த்துக்கு வெச்ச பொட்டு

ஸ்டார்ட் ஆகுமான்னா கேக்கறீங்க? வண்டி பாக்க வர்றவங்க மொதல்ல டயரைத் தட்டுவாங்க, பெயிண்ட்டைத் தடவுவாங்க. நீங்க கேட்டைத் தொறக்கும்போதே ஸ்டார்ட் ஆகுமான்னு கேக்கறீங்கன்னா, தரகன் ஏதோ சொல்லித்தான் அனுப்பியிருக்கான். அவனைச் சொல்லியும் குத்தமில்லீங்க. கவுந்தப்பாடி பூரா அதே பேச்சுத்தான். லைன் இன்ஸ்பெக்டர் நாச்சிமுத்து காரு சம்பந்தி ஊட்டு வாசல்ல மானத்தை வாங்கிருச்சுன்னு டீக்கடையில பேசி, பால் ஊத்தற எடத்துல பேசி, இப்பத்தான் வாய் ஓய்ஞ்சிருக்காங்க.

உக்காருங்க தம்பி. அந்தச் சேரை இழுத்துப் போட்டுக்கங்க. டீ குடுக்கலாம்னா ஊட்ல வசந்தாமணி இல்லீங்க. எங்க ஊட்டுக்காரி. மகளோட இருக்கறா, பள்ளிபாளையத்துல. போயி ரெண்டரை மாசமாச்சு. தண்ணி கொண்டாரட்டுங்களா? வேண்டாமா, சரி.

சாவி இங்கதான் இருக்குது. போட்டீங்கன்னா ஒரே தட்டுல எந்திரிக்கும். ஆனா அதுக்கு முன்னால நடந்ததை நான் சொல்லிப்போடறேன். நாளைக்கு எவனாவது உங்ககிட்ட வேற மாதிரிச் சொல்லி, நாச்சிமுத்து மறைச்சு வித்துப்போட்டான்னு பேர் வரக்கூடாது பாருங்க.

முப்பத்தோரு வருசம் கரண்ட் வேலை பாத்தவனுங்க நான். ஜீப்புல போகும்போதே எந்தக் கம்பத்துல ஜம்பர் ஒயரு லூசுன்னு சொல்லுவேன். சின்னப் பசங்க கம்பத்து மேல ஏறி அரை மணி நேரம் தேடுவாங்க, நான் கீழ நின்னுட்டே கை காட்டுவேன். அப்பேர்ப்பட்டவனுக்கு ஒரு காரு, ஒரே ஒரு பேட்டரி, பன்னண்டு வோல்ட்டு. இது தண்ணி காட்டிருச்சுன்னா எனக்கு எப்படி இருக்கும்? சொல்லுங்க.

வண்டி எங்கப்பா வாங்குனது. எங்க மக கோகிலவாணி பொறந்தப்ப ஈரோட்டு ஆஸ்பத்திரியில இருந்து இதுலதான் ஊட்டுக்கு வந்தா. நான்தான் ஓட்டிட்டு வந்தேன், மாட்டு வண்டியாட்டம் மெதுவா. அதனால போன வருசம் அவ மாசமா இருக்கான்னு சேதி வந்த அன்னைக்கே சொல்லிப்போட்டேன். வளைகாப்பு முடிச்சு என் மகளை இந்த வண்டியிலதான் கூட்டிட்டு வருவேன், தலைப்பிரசவம் நம்ம ஊட்லதான்னு. மாப்பிள்ளை சசிகுமார் கம்ப்யூட்டர் வேலை. "மாமா, நம்ம புது வண்டியில ஏசி இருக்குது, அதுலயே கொண்டாந்து உடறேன்"னார். நல்ல பையன்தான். ஆனா பொண்ணைக் கூட்டிட்டு வர்றது பெத்தவன் வேலைங்க. அதுல மாப்பிள்ளைக்கு என்ன சோலி?

அந்த ஆயுத பூசைக்கு வண்டியைக் கழுவுனேன் பாருங்க, அப்படி ஒருக்காலும் கழுவுனதில்லை. பூசணிக்காய் சுத்தி, எலுமிச்சை வெச்சு, பானெட்டைத் தொறந்து எஞ்சினுக்குத் திருநீத்துல மூணு பட்டை. பேட்டரிகிட்ட வந்தேன். வண்டியில சாமி எங்க இருக்குது? கரண்ட் இருக்கற எடத்துலதான இருக்குது? அதுலயும் எர்த்துன்னா என்ன, பூமாதேவிதான? சும்மா மேலாக்க ஒரு பொட்டு வெச்சா எனக்கு மனசு ஒப்பலை. ஒயர் கிளாம்ப்பைக் கழட்டி, எர்த்து டெர்மினலைச் சுத்தியும் அரைச்ச சந்தனத்தைத் தடவி, குங்குமம் வெச்சு, கிளாம்ப்பை மறுபடியும் போட்டு இறுக்குனேன். அம்மா தாயே, எம்மகளைப் பத்திரமா ஊடு கொண்டாந்து சேத்துரு, அது வரைக்கும் இந்தப் பொட்டை ஒருத்தனும் கலைக்க உடமாட்டேன்னு வேண்டிக்கிட்டேன். கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க எனக்கு. வசந்தாமணி பாத்துட்டு, "பேட்டரிகிட்ட நின்னு யாராச்சும் அழுவாங்களா?"ன்னா.

கார்த்திகை வரைக்கும் ஒரு குறையும் இல்லை. அப்பறம் ஆரம்பிச்சுது. சாவியைத் திருப்புனா ‘டிக்’. அவ்வளவுதான். ஹாரன் அடிக்குது, லைட் எரியுது, எஞ்சினைக் கெளப்பற செல்ஃபு மோட்டாரு மட்டும் சுத்த மாட்டேங்குது. நாலு தடவை ‘டிக் டிக்’னு அழிச்சாட்டியம் பண்ணிட்டு, அஞ்சாவது தடவை ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். முழுசாக் கெட்டுப் போனாலாவது தேடிப் புடிச்சரலாங்க. இப்படி ஒரு நாளைக்கு இருந்து ஒரு நாளைக்கு இல்லைன்னா, நாம எதைன்னு தேடறது?

நான் விட்டனா? டெஸ்ட் லாம்ப்பை எடுத்தேன். ஹோல்டர்ல பல்பு, ரெண்டு ஒயரு. ஒண்ணைப் பிளஸ்ல, ஒண்ணை எர்த்து ஒயர்ல வெச்சேன். பளிச்சுன்னு எரியுது. எரிஞ்சா சப்ளை இருக்குதுன்னு அர்த்தம். முப்பத்தோரு வருசமா இதுதான் என் வேதம். அப்ப பேட்டரிதான் வீக்குன்னு பேட்டரியை மாத்துனேன். பழைய பேட்டரியில இருந்த சந்தனத்தைக் கையால வழிச்சு எடுத்து, புதுசுலயும் அப்படியே தடவித்தான் மாட்டுனேன். வேண்டுதல் இருக்குதுங்களே.

ரெண்டு நாள் ஓடுச்சு. மறுபடியும் ‘டிக்’.

ஈஸ்வரமூர்த்தின்னு ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன், சத்தி ரோட்டுல கடை. வந்தான், பானெட்டைத் தொறந்தான், தொறந்தவுடனே சந்தனத்தைப் பாத்தான். "ஐயா, இதைக் கழட்டி உப்புத்தாள் போட்டுத் தேச்சுரலாங்களா?"ன்னான். எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை. "வேண்டுதல்ல வெச்சது, அதுல கை வெச்சீன்னா நடக்கறதே வேற"ன்னேன். "சரிங்கய்யா"ன்னு செல்ஃபு மோட்டாரைக் கழட்டிட்டுப் போனான். உள்ள தேஞ்சிருந்த புஷ்ஷை மாத்திக் கொண்டாந்து மாட்டுனான். மூணு நாள் ஓடுச்சு, அப்பறம் பழையபடி நின்னுருச்சு. வேலை தெரியாதவன்னு அவனை விட்டுட்டேன்.

அடுத்து கோபியில இருந்து ஜாபர்னு ஒருத்தர். வயசானவர், பதமாப் பேசுவார். அவரும் அதே எடத்தைத்தான் பாக்கறார். "அண்ணா, சாமி காரியம், நான் தொட மாட்டேன். நீங்களே உங்க கையால எடுத்துக் குடுங்க, அடியில சுத்தம் பண்ணிட்டு மறுபடியும் வெச்சுக்கலாம்"னார். நான் டெஸ்ட் லாம்ப்பைப் போட்டுக் காட்டுனேன். எரியுது பாருங்க பாய்னேன். "அண்ணா, பல்பு ஒரு சொட்டுக் கரண்ட்ல எரிஞ்சுரும். செல்ஃபுக்குக் கொடம் கொடமா வேணும்"னார். எனக்கே பாடம்! நான் டிரான்ஸ்பார்மரோட குடும்பம் நடத்துனவன். சாவி போடற சுவிட்சை மாத்துங்கன்னேன், மாத்திட்டு, போகும்போது தலையை ஆட்டிட்டே போனார்.

இதுல ஒரு விசயம் சொல்லோணும். அப்பல்லாம் சாவியைத் திருப்பி ‘டிக்’னு நிக்கறப்ப, லேசா ஒரு சந்தன வாசம் வரும். எனக்கு மேல் சிலுத்துரும். அம்மா கூடவே இருக்கறா, சோதிக்கறா, ஆனா கைவிட மாட்டான்னு நெனைச்சுக்குவேன். வசந்தாமணிகிட்டச் சொன்னேன். அவ மோந்து பாத்துட்டு, "அடுப்புல வெச்ச மாதிரியில்ல வாசம் வருது"ன்னா. பொம்பளைக்கு எதைப் பாத்தாலும் அடுப்புத்தான்.

மாசியில ஒரு புதன்கெழமை, பள்ளிபாளையத்துல சம்பந்தி ஊட்ல வளைகாப்பு. போகும்போது வண்டி அம்சமாப் போச்சு. நானும் வசந்தாமணியும், பின்னால சீர்த் தட்டு, ஏழு வகைச் சோறு. பவானி தாண்டிப் போகும்போது நான் பாட்டே பாடுனேன். விசேசம் நல்லா நடந்துச்சு. கோகிலாவுக்கு ரெண்டு கையிலயும் முட்டி வரைக்கும் வளையல், கன்னத்துல சந்தனம், பட்டுச் சீலை. ஒன்பதாம் மாசம், காலெல்லாம் வீங்கி, செருப்பே போட முடியலை. ஆனா மொகத்தைப் பாக்கோணுமே! எம்புள்ளை அப்படி இருந்தா.

பன்னண்டு மணிக்கு ராகு காலம் பொறந்துரும். பதினொண்ணு அடிக்கறப்ப ஆரத்தி எடுத்து, வாசப்படி தாண்ட வெச்சு, பின் சீட்டுல ஏத்தி உக்கார வெச்சாச்சு. ஒறம்பரை, சொந்தபந்தம் அத்தனையும் வாசல்ல நிக்குது. நான் சாமியைக் கும்பிட்டுச் சாவியைத் திருப்பறேன்.

‘டிக்.’

இன்னொருக்கா. ‘டிக்.’ எறங்கிப் பானெட்டைத் தொறந்தேன். டெஸ்ட் லாம்ப் வெச்சேன், எரியுது. ஃபியூஸ் பாத்தேன். செல்ஃபுக்குப் போற ஒயரை ஆட்டிப் பாத்தேன். மறுபடியும் ஏறிச் சாவி. ‘டிக்.’ வேர்வை சட்டையெல்லாம் ஊத்துது. சம்பந்தி ஊட்டு ஆளுங்க நாலு பேர் வந்து, "தள்ளி உட்டரலாங்க"ன்னாங்க. தள்ளுனா ஸ்டார்ட் ஆயிரும்னு எனக்கும் தெரியும். ஆனா யோசிச்சுப் பாருங்க. மாசமா இருக்கற மருமகளை வாசல்ல வெச்சுத் தள்ளி உட்டாங்கன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரும். அந்த வார்த்தையே ஆகாது. வேண்டாம்னுட்டேன். மாப்பிள்ளை அவர் வண்டிச் சாவியைக் கொண்டாந்து நீட்டுனார். அதுவும் வேண்டாம்னுட்டேன்.

பன்னண்டு ஆயிருச்சு. ஆனா அவ ஏறி உக்காந்தாச்சு பாருங்க, அது நல்ல நேரத்துல கெளம்புன கணக்குத்தான். எறங்காம இருந்தாச் சரி. எறங்குனாத்தான் தப்பு. கெளம்புன பொண்ணு திரும்பி உள்ள போனா, அன்னைக்கு மறுபடியும் கெளம்பக் கூடாது. இதையே அவகிட்டயும் எடுத்துச் சொன்னேன், "நீ அசையாதே கண்ணு, அப்பா பாத்துக்கறேன்"னு.

அப்பத்தான் அவ மொதல் தடவை சொன்னா. "அப்பா, சந்தனம் கருகற வாசம் வருதுப்பா." "அது உன் கன்னத்துல இருக்கற சந்தனம், கண்ணு"ன்னேன்.

கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும். "கன்னத்துல இருக்கறது இந்த வாசம் இல்லப்பா. இது தீயில போட்ட மாதிரி இருக்குது." மாசமா இருக்கறவளுக்கு எல்லா வாசமும் அப்படித்தான் தெரியும்னேன். பொய்யா? வசந்தாமணி இவளைச் சொமந்தப்ப சாம்பார் கொதிச்சா ஊட்டை உட்டே ஓடுவா.

மணி பன்னண்டரை இருக்கும். வெயிலு மண்டையைப் பொளக்குது. வசந்தாமணி ஏதோ ஒரு கல்யாணப் பத்திரிகையை வெச்சு மகளுக்கு விசிறிட்டு இருக்கறா. ஒறம்பரையில பாதிப் பேர் சாப்பிடப் போயாச்சு, மீதிப் பேர் என்னைப் பாத்துட்டு இருக்காங்க. நான் பன்னண்டாவது தடவையோ, பதிமூணாவது தடவையோ சாவியைத் திருப்பறேன். மூணாவது தடவையா சொல்றா. "அப்பா, நீங்க சாவியைத் திருப்பறப்பத்தான் வருதுப்பா அந்த வாசம். விட்டா நின்னுருது."

நான் என்ன சொன்னேன்? கோவத்துல சொன்னதுதானுங்க. "வாயை மூடிட்டு உக்காரு, முப்பத்தோரு வருசம் இதைப் பாத்தவன் நானா நீயா?"ன்னேன். சத்தம் கொஞ்சம் பலமா வந்துருச்சு. எல்லார்த்துக்கும் கேட்டுருச்சு.

அவ கதவைத் தொறந்தா, சீலையைப் புடிச்சுட்டு எறங்குனா. "எறங்காதே கண்ணு"ங்கறேன். வெறுங்கால்ல, அந்தச் சூட்டுல, வளையல் குலுங்கக் குலுங்க நடந்து போயி வாசப்படி ஏறி உள்ள போயிட்டா. ஒருக்காக்கூடத் திரும்பிப் பாக்கலைங்க.

அப்பறம் வந்தாங்க சம்பந்தியம்மா. பூங்கொடின்னு பேரு. ஊட்டுக்காரர் தவறுன பின்னால பன்னண்டு தறியை ஒத்தையில ஓட்டறவங்க. முந்தானையைச் சொருகிட்டு வந்து, "அண்ணா, ஒருக்காத் திருப்புங்க"ன்னாங்க. திருப்புனேன். பேட்டரி மேல ஒவ்வொரு எடமாக் கையை வெச்சுட்டே வந்தவங்க, எர்த்துகிட்ட வந்ததும் வெடுக்குனு எடுத்துட்டாங்க. "இது கொதிக்குதுங்கண்ணா. தறி மோட்டார் நின்னா நாங்க மொதல்ல எது சுடுதுன்னுதான் பாப்பம். கரண்ட்டுக்கு எங்க வழி அடைச்சிருக்குதோ அங்கதான சுடும்?"

எனக்குத் தெரியாததா? கம்பத்துல லூஸ் ஜம்பரு செவசெவன்னு பழுக்கறதை எத்தனை பாத்திருப்பேன். சந்தனம் காஞ்சாக் காரையாட்டம் இறுகிக் கரண்ட்டை மறிக்கும்னு தெரியாதுங்களா? தெரியும். ஆனா சாமிக்கு வெச்சது இப்படிப் பண்ணும்னு யாருங்க நெனைப்பா?

அவங்க என்னைக் கேக்கவே இல்லை. சமையல்கட்டுல இருந்து கத்தியைக் கொண்டாரச் சொல்லி, கிளாம்ப்பைக் கழட்டி, சொரண்டு சொரண்டுன்னு சொரண்டுனாங்க. உள்ள கருகிப் போயி, பொடிப்பொடியாக் கொட்டுது. ஈயம் பளபளன்னு தெரியற வரைக்கும் சொரண்டி, இறுக்கிப் போட்டுட்டு, "இப்பத் திருப்புங்க"ன்னாங்க.

திருப்புனேன். ஒரே தட்டு. எங்கப்பா காலத்துல கூட அப்படி ஸ்டார்ட் ஆனதில்லைங்க.

எனக்கு எல்லாம் மறந்து போச்சு. கொழந்தையாட்டம் உள்ள ஓடறேன். "வா கண்ணு, ஆயிருச்சு, போலாம்!" அவ கட்டில்ல காலைத் தூக்கி வெச்சு உக்காந்திருக்கா. என்னை நிமிந்து பாத்து நிதானமாச் சொல்றா: "கெளம்புன பொண்ணு திரும்பி உள்ள வந்தா, மறுபடியும் கெளம்பக் கூடாதுன்னு நீங்கதானப்பா சொன்னீங்க."

பாருங்க, நான் சொன்னதையே எனக்குத் திருப்பிக் குடுத்துட்டா.

சரி, இன்னைக்கு இல்லை, வெள்ளிக்கெழமை வர்றேன்னேன். வெள்ளிக்கெழமை வேண்டாம்னா. அடுத்த புதன்? வேண்டாம். வசந்தாமணி அன்னைக்கே அவளோடயே தங்கிட்டா. தலைப்பிரசவம் பள்ளிபாளையத்துல ஆச்சு. பையன். முப்பத்தெட்டு நாளாச்சுங்க. என் பேரனை நான் போன்லதான் பாத்திருக்கேன். வசந்தாமணி போனைப் புடிச்சுக் காட்டுவா, நேராப் புடிக்கத் தெரியாது அவளுக்கு, பாதி மூஞ்சிதான் தெரியும். மூக்கு அப்படியே எங்கப்பா மூக்கு. தூக்கோணும்னு கையெல்லாம் பரபரங்குது தம்பி. சும்மா சொல்லலை.

ஏன் போயிப் பாக்கலைன்னா... எப்படிப் போறது? பஸ்சுல போயி, நாலு பிஸ்கட் பாக்கெட்டைக் குடுத்துட்டு, ஒறம்பரையாட்டம் காப்பி குடிச்சுட்டு வர்றதா? போனா எம்மகளையும் பேரனையும் கூட்டிட்டுத்தான் வரோணும். அதான் சொல்லி உட்டேன், வண்டி சரியாயிருச்சு, நூறு தடவை போட்டுப் பாத்துட்டேன், நூறு தடவையும் எந்திரிச்சுது, வர்றேன்னு. நெசமாத்தான், தெனம் காலையில ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி, பத்து நிமிசம் ஓட உட்டு, நிறுத்திருவேன். அதுக்கு அவ அம்மாகிட்டச் சொல்லி உட்டிருக்கா: "அந்த வண்டியில நான் மறுபடியும் ஏற மாட்டேன்மா, அப்பாகிட்டச் சொல்லிருங்க"ன்னு.

ஏற மாட்டாளா? சரி, வண்டியே வேண்டாம். எங்கப்பா வண்டி, அவ பொறந்து வந்த வண்டி, போனாப் போகுது. பேட்டரி மாத்துனேன், மோட்டாரு மாத்துனேன், சுவிட்சு மாத்துனேன், எம்மகளுக்காக வண்டியை மாத்த மாட்டனா? அன்னைக்கே தரகனுக்குப் போன் போட்டேன். நீங்க வந்திருக்கீங்க. வேற வண்டி வாங்கி, ஏசி வெச்ச வண்டியே வாங்கி, அதுல போயி நிக்கறேன். அப்ப என்ன சொல்லுவா?

வசந்தாமணிகிட்ட நேத்துச் சொன்னேன், வண்டி பாக்க ஆள் வருதுன்னு. சந்தோசப்படுவான்னு பாத்தேன். போன்ல அவ சொல்றா, "ஏனுங்க, அவ வண்டியைச் சொல்லலைங்க"ன்னு. அவ்வளவுதான். பேரன் அழுவறான்னு போனை வெச்சுட்டா.

நைட்டு பூரா அதையேதான் யோசிச்சேன். அந்த வண்டியில ஏற மாட்டேன்னு தெளிவாச் சொல்லியிருக்கா. வண்டியைச் சொல்லலைன்னா வேற எதைங்க சொல்லியிருப்பா? நீங்களும் புள்ளை குட்டி உள்ளவராட்டம் தெரியுது, நீங்களே சொல்லுங்க. என்ன தம்பி, அப்படிப் பாக்கறீங்க? இல்லை, சொல்லுங்கன்னுதான கேக்கறேன்...

இருங்க. வேண்டாம். சொல்லாதீங்க. இந்தாங்க சாவி. நீங்க வண்டியைப் பாருங்க மொதல்ல.